பேஸ் இமேஜ் எதை எடுப்பது? ஸ்லிம், ஆல்பைன், டிஸ்ட்ரோலெஸ், ஹார்டன்டு: ஒரு கிருஷ்ணகிரிக் கணக்கு

"அண்ணா, ஆல்பைன் போடலாமா, டிஸ்ட்ரோலெஸ் போடலாமா? ட்ரிவி ஓட்டினா இருநூறைத் தாண்டிச் சிவப்பு காட்டுது. முதலாளி ரிப்போர்ட்டைப் பார்த்துட்டார்."

தருமபுரியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. ஆப்பையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி வைப்பது இமேஜ், அதன் அடித்தளம் பேஸ் இமேஜ். அந்தக் கட்டில் பாதுகாப்பு ஓட்டை உண்டா என்று தேடும் ஸ்கேனர் ட்ரிவி. பாலக்கோடு பக்கம் தக்காளி மண்டிகளுக்கு வரவு செலவு எழுதும் ஆப் ஒன்றை மூன்று நோடு கே3எஸ் கிளஸ்டரில் ஓட்டுகிறார், அதாவது மூன்று சர்வர் சேர்ந்து இமேஜ்களை ஓட்டும் சின்ன குபர்நெட்டீஸ். அதே வாரம் ஓசூரிலிருந்து ஒரு தோழியும் கேட்டார். வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிறவர். அவருடைய வாடிக்கையாளர், "உங்கள் இமேஜுக்குள் என்னென்ன இருக்கிறது, பட்டியல் கொடுங்கள்" என்று கேட்டுவிட்டாராம்.

நானும் இந்தக் குழப்பத்தில் இரண்டு மாங்காய் சீசன் உழன்றவன். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளுக்கு எடைமேடைச் சீட்டு, விவசாயி கணக்கு, டின் இருப்பு எல்லாவற்றையும் நாங்கள்தான் பார்க்கிறோம். ஒவ்வொரு வகை இமேஜையும் ஏதாவது ஒரு ஆலையில் ஓட்டிப் பார்த்தாயிற்று. சிலவற்றில் சூடும் பட்டாயிற்று.

## எதை வைத்து எடைபோடுவது

ஸ்கேனர் காட்டும் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் நான் முதலில் சொல்வது. அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்தால் ஏன் என்று புரியும். ட்ரிவி, கிரைப் போன்ற ஸ்கேனர்கள் இமேஜுக்குள் இருக்கும் பேக்கேஜ் பட்டியலைப் படித்து, அந்தந்த டிஸ்ட்ரோவின் (டெபியன், ஆல்பைன் போன்ற லினக்ஸ் வகையின்) பாதுகாப்புத் தரவோடு ஒப்பிடுகின்றன. டெபியன் தன் தரவில் இன்னும் அடைக்காத ஓட்டைகளையும், "சின்னது, அடுத்த வெளியீட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவற்றையும் சேர்த்தே எழுதி வைக்கும். ஆல்பைனின் தரவில் அடைத்து முடித்தவை மட்டுமே இருக்கும். ஒருவர் கடன் நோட்டு முழுவதையும் காட்டுகிறார், இன்னொருவர் திருப்பிக் கொடுத்த கணக்கை மட்டும் காட்டுகிறார். இருவரில் யார் கடன்காரர் என்று அந்த நோட்டுகளை வைத்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, ஒரு பைனரியைப் பேக்கேஜ் மேனேஜர் வழியே நிறுவாமல் கையால் காப்பி செய்து வைத்தால் பல நேரம் ஸ்கேனர் கண்ணிலேயே படாது. ரிப்போர்ட்டில் பூஜ்யம், உள்ளே பழைய சரக்கு.

எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி வேறு. ஓட்டை தெரியவந்த நாளிலிருந்து சரிசெய்த இமேஜ் என் கிளஸ்டரில் ஓடுகிற நாள் வரை எத்தனை நாள்? அந்த வேலையை யார் செய்வார்?

மாங்கூழ் டின்னில் அடைத்த தேதி அச்சடித்திருக்கும். அடைத்த பிறகு உள்ளே எதுவும் மாறாது. இமேஜும் அப்படித்தான், ஒரு பைட் கூட மாறாது. ஆனால் அதற்குள் இருப்பதைப் பற்றி உலகத்துக்குத் தெரிவது மாறிக்கொண்டே இருக்கும். 2021 நவம்பரில் சுத்தம் என்று ஸ்கேனர் சொன்ன ஜாவா இமேஜ்கள், டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் ஓட்டை வெளியானதும் ஒரே இரவில் மிக ஆபத்தான பட்டியலில் ஏறின. இமேஜ்கள் அதே இமேஜ்கள்தான். ஆகவே பேஸ் இமேஜைத் தேர்ந்தெடுப்பது என்றால், மாதா மாதம் மறுபில்டு செய்யும் வேலையை யார் தலையில் வைக்கிறோம் என்று தேர்ந்தெடுப்பதுதான்.

இதைத் தவிர இன்னும் நாலு கேள்வி:

- நம் ஆப் அதில் ஒழுங்காக ஓடுமா? "ஸ்டார்ட் ஆகிறது" என்பதும் "ஒழுங்காக ஓடுகிறது" என்பதும் வேறு வேறு.
- உள்ளே நுழைந்துவிட்டவன் கைக்கு என்ன கிடைக்கும்? ஷெல் (கட்டளை அடிக்கும் இடம்), கர்ல் (இணையத்திலிருந்து இறக்கும் கருவி), பேக்கேஜ் மேனேஜர், ரூட் உரிமை.
- ராத்திரி ரெண்டு மணிக்குப் பாட் (கிளஸ்டரில் ஓடும் ஆப்பின் ஒரு பிரதி) விழுந்தால் நாம் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?
- கொடுப்பவர் நாளைக்கு விலை சொன்னாலோ கடையைச் சாத்தினாலோ நம் கதி என்ன?

இமேஜின் அளவை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. காரணம், ஒரே பேஸை எல்லா சர்வீஸும் பகிர்ந்தால் அந்த லேயரை (இமேஜின் அடுக்கை) ஒரு நோடு ஒரு முறைதான் இறக்கும். பத்து சர்வீஸுக்குப் பத்து விதமான "சின்ன" பேஸ் வைப்பதைவிட ஒரே ஒரு நடுத்தர பேஸ் பல நேரம் சிக்கனம். போச்சம்பள்ளி தாண்டி ஒரு ஆலையில் மழை வந்தால் லைன் நூல் மாதிரி இழுக்கும். அங்கே உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது.

## வழி 1: அதிகாரப்பூர்வ இமேஜ், அதன் ஸ்லிம் வடிவம்

பைத்தான், நோடு, ஜாவா எதுவானாலும் டாக்கர் ஹப்பில் முதலில் கண்ணில் படுவது இதுதான். பைத்தானின் முழு இமேஜ் விரித்தால் ஒரு ஜிபியைத் தொடும். கம்பைலர் முதல் இமேஜ்மேஜிக் வரை உள்ளே குடியிருக்கும். சீட்டு அச்சடிக்கும் ஆப்புக்கு கம்பைலர் எதற்கு? அதனால் புரொடக்ஷனில் முழு இமேஜுக்கு வேலையே இல்லை. பில்டு கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்லிம் வேறு விஷயம். டெபியனின் அதே ஜிலிப்சி (மற்ற நிரல்கள் சாய்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம்), இறக்கும்போது பேஸ் மட்டும் சுமார் 30 எம்பி. பைத்தான், ஜாவா, நோடு எதற்கும் கிடைக்கும் ஆயத்த பேக்கேஜ்கள் கிட்டத்தட்ட எல்லாமே இதில் சண்டை போடாமல் ஓடும். பாட் விழுந்தால் உள்ளே போய் லாகைப் பார்க்க ஷெல் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் விளங்கும்.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, சத்தம். தம்பி பார்த்த இருநூறில் பெரும்பகுதி டெபியன் இப்போதைக்கு அடைக்கப்போவதில்லை என்று விட்ட சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும். ட்ரிவியில் "தீர்வு இல்லாதவற்றை விடு" என்ற தேர்வைப் போட்டு ஓட்டினால் பட்டியல் சட்டென்று சுருங்கும். மீதி இருப்பதுதான் நம் வேலை. ஆனால் அந்த மீதியை வாரா வாரம் ஒருவர் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை.

இரண்டாவது செலவு இன்னும் தந்திரமானது. "நாங்கள் வாரா வாரம் பில்டு பண்றோமே" என்பார்கள். பில்டு லாகைத் திறந்து பார்த்தால், பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் வரி பழைய கேஷிலிருந்து வந்திருக்கும். டாக்கர்ஃபைலில் அந்த வரி மாறவில்லை, அதனால் டாக்கர் ஆறு மாதப் பழைய லேயரையே எடுத்து ஒட்டிவிட்டது. பேஸைப் புதிதாக இழு, கேஷைத் தொடாதே என்று சொல்லி பில்டு செய்யாதவரை அது மறுபில்டு கணக்கில் வராது. எங்கள் சர்வரில் இது நாலு மாதம் இப்படியே ஓடியது. பில்டு ரொம்ப வேகமாக முடிகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எப்போது இதுவே சரி: இரண்டு மூன்று பேர் கொண்ட குழு, பைத்தானோ நோடோ எழுதுகிறீர்கள், எழுத்துரு, பிடிஎஃப், படம் என்று சி நூலகங்களை நம்பும் வேலை அதிகம்.

## வழி 2: ஆல்பைன்

இறக்க நாலு எம்பி கூட இல்லை. ஸ்கேனர் ரிப்போர்ட் பளிச். முதலாளிக்குக் காட்ட இதைவிட அழகான இமேஜ் கிடையாது. நானும் அந்த அழகில் விழுந்தேன்.

போன சீசனுக்கு முந்தைய சீசன். எடைமேடைச் சீட்டு சர்வீஸை டெபியனிலிருந்து ஆல்பைனுக்கு மாற்றினேன். பைத்தான்காரர்களே தரும் ஆல்பைன் இமேஜை எடுத்திருந்தால் பாதித் தொல்லை வந்திருக்காது. இன்னும் சிறிதாக்குகிறேன் என்று வெறும் ஆல்பைனை எடுத்து, அதில் பைத்தானை நானே நிறுவினேன். பில்டு ஒரு இடத்தில் நின்றது. தமிழ் எழுத்துருவை நிறுவும் வரியில் டெபியனின் பேக்கேஜ் பெயர் இருந்தது, ஆல்பைனில் அந்தப் பெயர் இல்லை. "அப்புறம் பார்க்கலாம்" என்று அந்த வரியைத் தூக்கிவிட்டேன். டெஸ்டில் எல்லாம் பச்சை. சனிக்கிழமை மாலை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சீட்டில் விவசாயி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. அது உடனே தெரிந்துவிட்டது, ஞாயிறு மதியத்துக்குள் சரிசெய்தேன். தெரியாமல் போனது நேரம். ஆல்பைன் பேஸில் நேர மண்டலத் தரவு கிடையாது. கொல்கத்தா நேரம் என்று நாம் சூழல் மாறியில் எழுதியிருந்தாலும், அந்தத் தரவு இல்லையென்றால் மசில் நூலகம் (ஜிலிப்சிக்குப் பதிலாக ஆல்பைனில் இருப்பது) எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உலக நேரத்துக்குப் போய்விடும். ஐந்தரை மணி நேரம் பின்னால்.

சீசனில் டிராக்டர்கள் விடிவதற்குள் வந்து வரிசை கட்டும். பெங்களூரா ரகத்துக்கு ஒவ்வொரு நாளும் ரேட் மாறும். புதன்கிழமை விடிகாலை 4:50-க்கு எடைமேடை ஏறிய ஒரு லோடுக்கு, சீட்டு செவ்வாய் இரவு 23:20 என்று அச்சாகியிருந்தது. கணக்கர் செவ்வாய் ரேட்டைப் போட்டுவிட்டார். புதன்கிழமை ரேட் ஏறியிருந்தது. பெரியவர் சீட்டை எடுத்துக்கொண்டு நேராக வந்துவிட்டார். "ஏம்ப்பா, பதினொன்றரைக்கு நான் வீட்டுல படுத்திருந்தேன். உன் மெசின் என்னை எங்க பார்த்துச்சு?" நாலு நாள் சீட்டுகளை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். வித்தியாசத்தைக் கொடுத்தோம். யார் தப்பு என்ற கேள்விக்கே இடமில்லை, என் தப்பு.

இப்படிச் சத்தம் போடாமல் மாறுகிற இடங்கள்தான் ஆல்பைனின் உண்மையான விலை. இன்னும் மூன்று:

டிஎன்எஸ், அதாவது பெயரை வைத்து முகவரி தேடுவது. மசில் நூலகம் பெரிய பதில்களுக்கு டிசிபி வழியாக மறுபடி கேட்கும் வசதியை 2023 மே மாதம் வந்த 1.2.4 பதிப்பில்தான் பெற்றது. ஆல்பைன் 3.18 முதல் அது உண்டு. அதற்கு முந்தைய பேஸில் நிற்கும் பழைய சர்வீஸ்கள் கிளஸ்டருக்குள் சில பெயர்களை மட்டும் எப்போதாவது கண்டுபிடிக்க முடியாமல் திணறும். அந்த "எப்போதாவது"தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

த்ரெட். ஜிலிப்சியில் ஒரு த்ரெடுக்கு வழக்கமாக 8 எம்பி ஸ்டாக். மசிலில் 128 கேபி. ஆழமாகத் தன்னைத்தானே அழைக்கும் நூலகங்கள் அங்கே ஓடும், இங்கே விழும்.

போஸ்ட்கிரெஸ். இதை அழுத்திச் சொல்கிறேன். டெபியன் இமேஜில் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா வால்யூமை அப்படியே ஆல்பைன் இமேஜில் கொண்டுபோய் மாட்டாதீர்கள். எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி இரண்டு நூலகத்திலும் வேறு. தமிழ்ப் பெயர்களுக்கு இன்டெக்ஸ் இருந்தால், டேட்டாபேஸ் பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸில் புதிய வரிசைப்படி தேடும். இருக்கிற விவசாயியை "இல்லை" என்று சொல்லும். பயனர் எண்ணும் வேறு, அங்கே 999, இங்கே 70, ஆகவே கோப்பு உரிமையிலும் முட்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் டம்ப் எடுத்துப் புதிய இடத்தில் ஏற்றுங்கள்.

எப்போது இதுவே சரி: கோ மொழியில் எழுதிய சின்ன சர்வீஸ்கள், கிரான் வேலைகள், ஷெல் ஸ்கிரிப்டோடு ஓடும் கருவிகள். சின்னதாகவும் வேண்டும், உள்ளே ஷெல்லும் வேண்டும் என்றால் ஆல்பைன் இன்னும் ராஜாதான். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய இரண்டு வருட ஆதரவு என்ற ஒழுங்கும் உண்டு.

## வழி 3: டிஸ்ட்ரோலெஸ்

கூகுள் திறந்த மூலமாகத் தருவது. டெபியன் பேக்கேஜ்களிலிருந்தே கட்டுகிறார்கள், ஆனால் ஷெல் கிடையாது, பேக்கேஜ் மேனேஜர் கிடையாது. ஸ்டாட்டிக் வகை சுமார் 2 எம்பி. ஆனாலும் நேர மண்டலத் தரவும் சான்றிதழ்களும் உள்ளே உண்டு. என் எடைமேடைக் கதைக்குப் பிறகு இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இதன் மேல் மரியாதை.

ஷெல் இல்லாததால் என்ன லாபம்? மிகைப்படுத்த வேண்டாம். லாக்4ஜே மாதிரி ஓட்டை ஜாவாவுக்குள்ளேயே நடக்கும், அதற்கு ஷெல் தேவையில்லை. நுழைந்தவன் அடுத்த அடி எடுத்து வைப்பதுதான் கஷ்டம். கர்ல் இல்லை, புதிதாக எதையும் நிறுவ முடியாது. "நான்ரூட்" டேக் (இமேஜின் பதிப்புப் பெயர்) எடுத்தால் 65532 என்ற சாதாரணப் பயனராக ஓடும். இமேஜ்கள் காசைன் என்ற கருவி மூலம் கையெழுத்திடப்பட்டவை, சரிபார்த்துவிட்டு ஏற்றலாம்.

செலவு நம் பழைய பழக்கங்களில் இருக்கிறது. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் புரோபில் கர்ல் கட்டளை எழுதியிருந்தால் அது தோற்கும், எச்டிடிபி புரோபாக மாற்ற வேண்டும். தொடக்கத்தில் ஷெல் ஸ்கிரிப்ட் வைத்து கான்ஃபிக் நிரப்பும் வழக்கம் இருந்தால் அதுவும் போச்சு. பாட் நிற்கும் முன் பத்து வினாடி காத்திருக்க "ஸ்லீப்" கட்டளை எழுதியிருப்போம். அதற்கும் உள்ளே ஆள் இல்லை. புதிய குபர்நெட்டீஸ் பதிப்புகளில் ஸ்லீப் தனி வசதியாகவே வந்துவிட்டது, பழைய கிளஸ்டரில் இருப்பவர்கள் ஆப்புக்குள் எழுத வேண்டும்.

பாட்டுக்குள் போய்ப் பார்ப்பது? குபர்நெட்டீஸ் 1.25 முதல் எஃபெமரல் கன்டெய்னர் நிலையான வசதி. குபெக்டிலின் டீபக் கட்டளையால் கருவிகள் நிரம்பிய இன்னொரு கன்டெய்னரை ஓடுகிற பாட்டின் பக்கத்தில் ஒட்டலாம். நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இதை முதன்முதலாகப் பழகும் நேரம் ராத்திரி ரெண்டு மணியாக இருக்கக் கூடாது.

பைத்தான்காரர்களுக்கு ஒரு பள்ளம். டெபியன் 12 அடிப்படையிலான டிஸ்ட்ரோலெஸ் பைத்தானில் டெபியனுடைய 3.11-தான் வரும். நீங்கள் 3.12 ஸ்லிம்மில் பில்டு செய்து அப்படியே காப்பி செய்தால், சி மொழியில் எழுதிய நூலகங்கள் இறக்குமதியிலேயே விழும். பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

மறுபில்டு விஷயத்தில் பாதி வேலை அவர்களுடையது, பாதி உங்களுடையது. டெபியன் ஓட்டையை அடைத்தால் பேஸ் புதிதாகக் கிடைக்கும். உங்கள் ஆப்பை அதன் மேல் மறுபடி கட்டும் வேலை உங்களுக்கு. டேக் பெயர் மாறாமல் உள்ளே இருப்பது மட்டும் மாறும் என்பதால் டைஜஸ்ட்டை (இமேஜின் கைரேகை எண்ணை) பூட்டி, ரெனவேட் மாதிரி ஒரு கருவியை வைத்து உயர்த்திக்கொள்வதுதான் வழி.

எப்போது இதுவே சரி: கோ, ரஸ்ட், ஜாவா. இணையத்தை நேராகப் பார்க்கும் சர்வீஸ்கள். நீங்களே எழுதிய கோட்.

## வழி 4: ஹார்டன்டு இமேஜ்கள்

ஹார்டன்டு என்றால் பாதுகாப்புக்காக இறுக்கிக் கட்டியது. மறுபில்டு வேலையை மொத்தமாக இன்னொருவரிடம் ஒப்படைப்பது. செயின்கார்ட் என்ற நிறுவனம் 2022-ல் வுல்ஃபி என்ற அடிப்படையைக் கொண்டுவந்தது. பேக்கேஜ் வடிவம் ஆல்பைனுடையது மாதிரி, நூலகம் ஜிலிப்சி. ஆல்பைனின் மசில் தொல்லை இல்லை. டாக்கர் கம்பெனி 2025 மே மாதம் தன் ஹார்டன்டு இமேஜ்களைக் காசுக்குத் தொடங்கி, அதே வருட டிசம்பரில் இலவசமாகத் திறந்துவிட்டது. குறித்த நாளுக்குள் ஓட்டையை அடைத்துத் தருவோம் என்ற எழுத்து உறுதி வேண்டுமென்றால் அதற்குக் காசு.

தரத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கையெழுத்து, எஸ்பாம் என்கிற பாகப் பட்டியல், எங்கே எப்படிக் கட்டினார்கள் என்ற சான்று எல்லாம் கூடவே வரும். ஓசூர்த் தோழியிடம் கேட்கப்பட்ட பட்டியல் இதுதான். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2024-ல் எஸ்பாம் பற்றி வழிகாட்டி வெளியிட்டது, இனி இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

என் தயக்கம் மேலே கேட்ட கடைசிக் கேள்வியில்தான், கொடுப்பவர் விலை சொன்னால் நம் கதி என்ன என்பதில். 2023 ஆகஸ்டில் செயின்கார்ட் இலவசக்காரர்களுக்கு "லேட்டஸ்ட்" டேக் மட்டும் போதும் என்று சுருக்கியது. பதிப்பு எண்ணோடு வேண்டுமானால் சந்தா. 2025 ஆகஸ்ட் இறுதியில் பிட்னாமி விஷயம் வந்தது. வருடக்கணக்காக உலகமே இலவசமாக இழுத்துக்கொண்டிருந்த இமேஜ்களை பிராட்காம் "லெகசி" என்ற தனிக் கிடங்குக்கு நகர்த்தியது, அங்கே இனி புதுப்பிப்பு கிடையாது, பாதுகாப்பானவை வேண்டுமென்றால் கட்டணம். ஹெல்ம் சார்ட்டில் (குபர்நெட்டீஸில் நிறுவும் குறிப்பில்) அந்தப் பெயர் இருந்தவர்களின் பாட்கள், நோடு மாறியபோதோ மறுபடி தொடங்கியபோதோ இமேஜ் இழுக்க முடியாமல் நின்றன. பொருள் நல்ல பொருள்தான். கடைக்காரர் மனசு மாறினால் நம் அடுப்பு அணையும். எடுக்கிறீர்கள் என்றால், ஹார்பர் மாதிரி உங்கள் சொந்த ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ் கிடங்கில்) ஒரு பிரதி வைத்துக்கொண்டு அங்கிருந்து இழுங்கள்.

எப்போது இதுவே சரி: நீங்கள் எழுதாத, ஆனால் ஓட்ட வேண்டியவை. ரெடிஸ், என்ஜின்எக்ஸ், போஸ்ட்கிரெஸ். தணிக்கை வரும் வாடிக்கையாளர்கள். ரெட் ஹாட் சந்தா ஏற்கெனவே உள்ள இடமென்றால் அவர்களுடைய யூபிஐ (யுனிவர்சல் பேஸ் இமேஜ்) இமேஜும் இதே வரிசையில் சேரும், அங்கே வேறு எதையும் தேட வேண்டாம்.

சொந்தமாகவே ஒரு பேஸ் கட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்பார்கள். முப்பது டெவலப்பர் இருக்கும் இடத்தில் கட்டலாம். நாங்கள் மூன்று பேர்.

## ஒரே பார்வையில்

| | ஸ்லிம் | ஆல்பைன் | டிஸ்ட்ரோலெஸ் | ஹார்டன்டு |
|---|---|---|---|---|
| சி நூலகம் | ஜிலிப்சி | மசில் | ஜிலிப்சி. ஸ்டாட்டிக்கில் எதுவும் இல்லை | வுல்ஃபியில் ஜிலிப்சி. டாக்கருடையதில் இரண்டும் உண்டு |
| ஷெல் | உண்டு | உண்டு | இல்லை. டீபக் டேக்கில் மட்டும் | பெரும்பாலும் இல்லை |
| பேஸைப் புதுப்பிப்பவர் | டெபியன், பிறகு நீங்கள் | ஆல்பைன், பிறகு நீங்கள் | கூகுள், பிறகு நீங்கள் | விற்பவர், வேகமாக |
| ஸ்கேனர் சத்தம் | அதிகம் | குறைவு, முழுக் கதை இல்லை | குறைவு | மிகக் குறைவு |
| மறைந்த செலவு | வாரா வாரம் பட்டியலைப் பிரிப்பது | சத்தமில்லாமல் மாறும் நடத்தை | பழைய ஸ்கிரிப்ட், புரோப் எல்லாம் திருத்துவது | சந்தா, விதிமாற்றம் |
| பொருத்தம் | பைத்தான், நோடு | கோ, சின்னக் கருவிகள் | கோ, ரஸ்ட், ஜாவா | டேட்டாபேஸ், ப்ராக்ஸி |

## எதை எடுத்தாலும் விடாமல் செய்வது

டேக்கை நம்பாமல் ஷா-256 டைஜஸ்ட்டை எழுதுங்கள். இதில் பாதுகாப்பு மட்டும் இல்லை, கரண்டும் இருக்கிறது. டேக் "லேட்டஸ்ட்" என்று இருந்தால், வேறு சொல்லாதவரை குபர்நெட்டீஸ் ஒவ்வொரு தொடக்கத்திலும் ரெஜிஸ்ட்ரியைக் கேட்கும். ஆலையில் கரண்ட் போய் வருகிறது, நோடுகள் எழுந்துவிட்டன, இன்டர்நெட் லைன் இன்னும் எழவில்லை. இமேஜ் நோடிலேயே இருந்தும் பாட் எழாது. வெளியே டிராக்டர் ஹாரன். டைஜஸ்ட் எழுதி, "இல்லாவிட்டால் மட்டும் இழு" என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. டாக்கர் ஹப் 2020 நவம்பர் முதல் இலவச இழுப்புகளுக்கு அளவு வைத்திருப்பதையும் மறக்க வேண்டாம், லாகின் செய்யாமல் இழுத்தால் ஒரே ஐபிக்குப் பின்னால் இருக்கும் எல்லா நோடும் ஒரே கணக்கில் சேரும்.

ரூட் அல்லாத பயனராக ஓட்டும்போது டாக்கர்ஃபைலில் பயனரை எண்ணாக எழுதுங்கள். ரூட் கூடாது என்று பாட் அமைப்பில் விதி வைத்திருக்கும்போது பெயராக எழுதினால், அது ரூட் இல்லை என்று நோடில் ஓடும் குபெலெட்டால் உறுதிசெய்ய முடியாது, கன்டெய்னரைத் தொடங்க மறுக்கும். ரூட்டாக இருந்தபோது எழுதிய வால்யூம் கோப்புகள் புதிய பயனருக்குத் திறக்காது, மாற்றுவதற்கு முன்பே உரிமையைச் சரிசெய்யுங்கள்.

## நான் என்ன சொன்னேன்

தருமபுரித் தம்பிக்கு: பைத்தான் ஆப் ஸ்லிம்மிலேயே இருக்கட்டும். தீர்வு இல்லாதவற்றை ஒதுக்கி ஸ்கேன் செய்து அந்தப் பட்டியலை முதலாளிக்குக் காட்டு. ஞாயிறு ராத்திரி கேஷ் இல்லாமல் மறுபில்டு. ரெடிஸையும் என்ஜின்எக்ஸையும் ஹார்டன்டுக்கு மாற்று. போஸ்ட்கிரெஸை இந்தத் தக்காளி சீசன் முடியும்வரை தொடாதே.

ஓசூர்த் தோழிக்கு: ஜாவா சர்வீஸ்களுக்கு டிஸ்ட்ரோலெஸ், சிஃப்ட் என்ற கருவியை வைத்து எஸ்பாம் எடுத்து பில்டோடு சேமித்து வையுங்கள். அதில் வாடிக்கையாளர் திருப்தியானால் சந்தாவுக்குப் போக வேண்டியதில்லை. "எத்தனை நாளில் அடைப்பீர்கள்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னால் அப்போது காசு கொடுத்து ஹார்டன்டு வாங்குங்கள், அந்தச் செலவை விலையில் சேருங்கள்.

எங்கள் ஆலைகளில் சீட்டு சர்வீஸ் இப்போது ஸ்லிம்மில் ஓடுகிறது. எந்த பேஸுக்கு மாற்றினாலும் பில்டின் கடைசியில் ஒரு சோதனை ஓடும். கடிகாரத்தை ஒரு புதன்கிழமை விடிகாலைக்கு வைத்து, "ஸ்ரீ", "ழ", "ணை" எல்லாம் வரும் ஒரு கற்பனை விவசாயி பெயரில் ஒரு சீட்டு அச்சடித்து, பழைய சீட்டோடு படத்துக்குப் படம் ஒப்பிடும். அந்தச் சீட்டில் நேரம் எப்போதும் 4:50.